வாராந்தக் காந்தப் பலகை: சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு உதவுமா?

திருகோணமலைக் கடைகளில் கிடைக்கும் வெள்ளைக் காந்தப் பலகை, தாய் தகப்பன் இருவரின் நாளையும் ஒரே இடத்தில் காட்டும். 60 சென்ரிமீற்றருக்கு 90 அளவு போதும். ஏழு நிரல் கீறி, தொழில், வீட்டுவேலை, பிள்ளை, ஓய்வு என நாலு நிற மாக்கரால் எழுதுங்கள்.

ஓய்வு நிறம் ஒருவருக்கு மட்டும் இல்லையென்றால் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். களைத்துப்போன தாய், பிள்ளை மடியில் இருந்தாலும், அதன் மழலைக்கு முகம் பார்த்து மறுமொழி சொல்லச் சிரமப்படுவார். பிணைப்பு வளர்வது அந்த மறுமொழியில். பிள்ளைக்கென்று தனி நேரம் தேடி அலையவும் தேவையில்லை. குளிப்பாட்டுவது, சோறு தீத்துவது, நித்திரையாக்குவது ஆகியவற்றை இருவரும் பிரித்தெடுங்கள். அந்த நேரத்தில் போனை எட்ட வையுங்கள்.

உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வேலை செய்வோருக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சீசன். ஷிப்ட் மாறியதும் பலகையைத் திருத்தாவிட்டால் அது சுவரில் சும்மா தொங்கும்.

கடற்காற்றில் தகட்டு விளிம்பு துருப்பிடிக்கும். அலுமினியச் சட்டம் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். காய்ந்த மைக்கு மேலே புது மாக்கரால் கீறி உடனே துடைத்தால் போய்விடும்.

பலகையோடு கூட வரும் குண்டுமணி போன்ற சின்னக் காந்தங்களை மட்டும் வீட்டில் வைக்கவே வேண்டாம். பிள்ளை இரண்டை விழுங்கினால் அவை குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டை போடலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.