புதுமரமா, பழம்பெயரா? ஐ.பி.என்.ஐ. இணையப் பதிவேடு: ஒரு மதிப்புரை

மழைக்காட்டில் அடையாளம் தெரியாத மரம் ஒன்றைக் கண்டவர் முதலில் கேட்க வேண்டியது, இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்பதன்று. ஏற்கெனவே யாரேனும் பெயர் வைத்துவிட்டார்களா என்பதே. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் தம் ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’ நூலை வெளியிட்ட 1753 முதல் இன்றுவரை, உலகின் எந்த மூலையில் அச்சான பெயராயினும், விதிப்படி வெளியாகியிருந்தால் பொதுவாக முந்தியதற்கே உரிமை. அந்தக் கேள்விக்கு விடை தேட நான் பல ஆண்டுகளாக நாடிவரும் சேவை, பன்னாட்டுத் தாவரப் பெயர்ச் சுட்டி என்னும் ஐ.பி.என்.ஐ. கட்டணம் இல்லை, பதிவு செய்துகொள்ளவும் தேவையில்லை.

இந்தப் பதிவேடு திடீரென இணையத்தில் முளைத்ததன்று. சார்லஸ் டார்வின் தம் இறுதிக் காலத்தில் ஒதுக்கிய பணத்தைக் கொண்டு லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் தொகுக்கப்பட்ட ‘இண்டெக்ஸ் கியூவென்சிஸ்’ 1893 முதல் வெளிவந்தது. அதனோடு ஹார்வர்டின் கிரே அட்டைச் சுட்டியும் ஆஸ்திரேலியாவின் பெயர்ப் பட்டியலும் இணைந்து 1999ல் ஒரே இணையச் சேவையாயின. விதைத் தாவரங்களுக்கும் பெரணிகளுக்கும் வைக்கப்பட்ட பெயர்களை, அவற்றை வெளியிட்டவர், இதழ், தொகுதி, பக்கம், ஆண்டு ஆகிய விவரங்களோடு இங்கே காணலாம். ஒருவர் வெளியிட்ட பெயர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த வசதி. சென்னையில் பணிபுரிந்த தாவரவியலாளர் ராபர்ட் வைட் பெயரை இட்டால், நம் மலைக்காடுகளின் எத்தனை செடிகொடிகள் அவர் கைவழியே அறிவியலுக்குள் நுழைந்தன என்பது கண்முன் விரிகிறது.

சேவையின் மதிப்பை உணர ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். கேமரூன் நாட்டின் எபோ காட்டில் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரமே வளரும், சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுமரம் ஒன்று உண்டு. நம் பலா அடிமரத்தில் காய்ப்பதுபோல் இதற்கும் தண்டிலேயே மஞ்சளும் பச்சையும் கலந்த பளபளப்பான பூக்கள் மலர்கின்றன. கியூவின் ஆய்வாளர்களும் கேமரூனைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து அதனை ‘யுவேரியாப்சிஸ் டிகாப்ரியோ’ என்று 2022 ஜனவரியில் ‘பியர்ஜே’ இதழில் விவரித்தனர். எபோவில் மரம் வெட்ட அனுமதிக்கும் திட்டத்தை எதிர்த்து 2020ல் குரல் கொடுத்த நடிகர் லியனார்டோ டிகாப்ரியோவைச் சிறப்பிக்கும் பெயர் அது. அரசு அப்போது அத்திட்டத்தைத் திரும்பப் பெற்றது. ஐம்பதுக்கும் குறைவான மரங்களே காணப்பட்டதால், பெயர் பெறும்போதே மிக அருகிய இனமாக மதிப்பிடப்பட்டது. இத்தகைய மரத்தை யாரும் முன்பு விவரிக்கவில்லை என்று சொல்ல, அந்தப் பேரினத்தின் கீழ், அதாவது ‘யுவேரியாப்சிஸ்’ என்ற முதற்சொல்லால் குறிக்கப்படும் நெருங்கிய இனங்களின் தொகுதியின் கீழ், வெளியான பெயர்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் திரட்டி, ஒவ்வொன்றின் மூல விவரிப்பையும், அந்தப் பெயருக்கு ஆதாரமாகப் பாதுகாக்கப்படும் வகை மாதிரியையும் ஒப்பிட்டாக வேண்டும். திரட்டும் பணியை இந்தப் பதிவேடு சில நிமிடங்களில் முடித்துத் தருகிறது. ஒப்பிடும் பணி ஆய்வாளருடையது. அதற்கு மாதங்களும் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம்.

முதன்முறை பயன்படுத்துவோர் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். இது பெயர்களின் பதிவேடு. ஏற்கப்பட்ட இனங்களின் பட்டியலன்று. வேப்பமரத்தை லின்னேயஸ் 1753ல் ‘மீலியா அசாடிராக்டா’ என்றார். பின்னர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜூசியூ அதனைத் தனிப் பேரினமாக்கி ‘அசாடிராக்டா இண்டிகா’ என்றார். இரண்டும் இங்கே பதிவாகியிருக்கும், ஏனெனில் இரண்டும் வெளியான பெயர்களே. எது இன்று வழங்குவது என்று அறிய, கியூவின் மற்றொரு சேவையான ‘பிளாண்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்’ தளத்தைத் திறக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் பதிவுகளை எண்ணி, ஒரு பேரினத்தில் இத்தனை சிற்றினங்கள் என்று எழுதும் கட்டுரைகளைக் கண்டு வருந்தியிருக்கிறேன். அறிவியல் பெயரைக் கொண்டே தேட வேண்டும் என்பதால், வேம்பு என்று தட்டினால் எதுவும் கிடைக்காது. படங்களை எதிர்பார்ப்பவருக்கும் இங்கே இடமில்லை. இவற்றை நான் குறையாகக் கருதவில்லை. ஒரு பணியை எடுத்துக்கொண்டு அதையே ஒழுங்காகச் செய்யும் சேவை இது.

புதுப்பித்தலிலும் குறை சொல்வதற்கில்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,000 தாவர இனங்கள் புதிதாகப் பெயர் பெறுகின்றன. 2012 முதல், விதிகளுக்கு உட்பட்ட மின்னிதழில் பிடிஎஃப் வடிவில் வந்தாலே பெயர் செல்லும். இலத்தீனில்தான் விவரிக்க வேண்டும் என்ற கட்டாயமும் அப்போதே நீங்கி, ஆங்கிலத்திலும் எழுதலாம் என்றாயிற்று. பெயர்கள் இவ்வளவு விரைவாகப் பெருகும் காலத்தில் அவற்றைப் பார்த்துப் பதிந்து, எழுத்துப் பிழையையும் விதிமீறலையும் கவனிக்கும் பணியாளர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

எனினும் பதிவேட்டால் உதவ முடியாத ஒரு கட்டமும் உண்டு. பெரு நாட்டின் மானு தேசியப் பூங்காவில் 1973ல் தாவரவியலாளர் ராபின் ஃபாஸ்டர் ஒரு சிறுமரத்தின் மாதிரியைச் சேகரித்தார். காகித விளக்குபோன்ற ஆரஞ்சு நிறக் கனிகள் அதற்கு. பார்த்த வல்லுநர் எவராலும் அது எந்தக் குடும்பம் என்றே சொல்ல முடியவில்லை. குடும்பமோ பேரினமோ தெரியாதபோது எந்தப் பெயரை இட்டுத் தேடுவது? சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் அந்த மாதிரி பல பத்தாண்டுகள் காத்திருந்தது. பின்னர் டிஎன்ஏ ஆய்வு அதனைப் பிக்ராம்னியேசி என்னும் சிறு குடும்பத்தில் சேர்த்தது. அக்குடும்பத்தில் அதுவரை அறியப்பட்ட பேரினங்கள் மூன்றே. மூன்றிலும் அது பொருந்தவில்லை. ‘மானுவின் புதிர்’ என்று பொருள்படும் ‘ஈனிக்மானு’ என்ற நான்காம் பேரினம் 2021ல் பதிவேட்டுக்குள் வந்தது.