மேக விதைப்புச் சேவை: அரசுப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

விமானத்திலிருந்து மேகத்தில் துகள்களைத் தூவி மழையைக் கூட்ட முயல்வதே மேக விதைப்பு. அதற்கு நிதி ஒதுக்குவது பெரும்பாலும் ஏரி வற்றி, பயிர் கருகிய பிறகுதான். இந்தச் சேவையை வாங்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. விதைப்பு மேகத்தை உண்டாக்காது. ஏற்கெனவே திரண்டு மேலெழும் மேகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பொழியவைக்கும், அவ்வளவுதான். கடும் வறட்சியில் அந்த மேகமே அரிது.

மேகம் கிடைத்தாலும் வேலை எளிதல்ல. சுமார் மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத துளிகள் உள்ள மேகத்துக்குச் சில்வர் அயோடைடு. அதன் படிக அமைப்பு பனிப்படிகத்தை ஒத்திருப்பதால் துளிகள் அதைப் பற்றி உறைகின்றன. உறைநிலைக்கு மேல் வெப்பம் உள்ள மேகத்துக்கு, அதாவது வெப்ப மேகத்துக்கு, கால்சியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு போன்ற உப்புத் துகள்கள். எரியும்போது உப்புத் துகள்களைப் புகையாக வெளியிடும் குழல்களான பிளேர்களை விமான இறக்கையின் பின்விளிம்பில் வரிசையாகப் பொருத்துவார்கள். விமானி மேகத்தின் அடித்தளத்துக்குக் கீழே வட்டமடித்து, காற்று மேலேறும் இடத்தைப் பிடித்த பிறகே பற்றவைக்க வேண்டும். அந்த இடம் தவறினால் புகை மேகத்துக்குள் ஏறாமல் அடியிலேயே கலைந்துவிடும், பிளேர் வீண். திரள்மேகத்தின் ஆயுளே பல நேரம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. தொலைவில் உள்ள விமான நிலையத்திலிருந்து கிளம்பினால், போய்ச் சேர்வதற்குள் மேகம் முதிர்ந்துவிடும்.

பலன்? அமெரிக்காவின் ஐடஹோவில் 2017 ஜனவரியில் நடந்த ஆய்வு, விமானம் பறந்து விதைத்த கோடுகளில் பனி உருவாகி விழுவதை ரேடாரிலேயே காட்டியது. ஆனால் அது மலைமேல் குளிர்கால மேகம். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் வெப்ப மேகங்களில் செய்த சோதனையில் சில இடங்களில் சுமார் 18 சதவீதம் கூடுதல் மழை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பல பத்தாண்டுகள் விதைத்த இஸ்ரேலோ, 2013 முதல் 2020 வரை நடத்திய சோதனையில் கூடுதல் மழை 1.8 சதவீதம்தான் என்றும், அதுகூடப் புள்ளியியல்படி உறுதியில்லை என்றும் கண்டு, திட்டத்தையே நிறுத்தியது. சுற்றுச்சூழல் கேள்வி இதைவிடச் சிறியது. சில்வர் அயோடைடு வழியாகச் சேரும் வெள்ளியின் அளவு மிகக் குறைவு.

பணம் வீணாவது பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான். விமானம், விமானி, ரேடார் ஆகியவற்றுக்கு மாத வாடகை. பறந்த மணிக்கும் எரித்த பிளேருக்கும் தனிக் கட்டணம். பிளேர் எண்ணிக்கைக்குக் காசு என்றால், தகுதியில்லாத மேகத்திலும் எரிக்கத்தான் தோன்றும். காத்திருப்புக்கும் தகுந்த மேகத்தை அடையும் வேகத்துக்கும் காசு கொடுப்பது மேல். டெண்டர், விமான அனுமதி, பிளேர் இறக்குமதி எல்லாம் மழைக்காலத்துக்குப் பல மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும். தாமதித்தால் நல்ல மேகங்கள் கடந்து போன பிறகே விமானம் வந்து நிற்கும்.

மதிப்பீட்டுக்குத் தனி நிதி இல்லாத திட்டத்துக்கு ஒரு காசும் தரக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. விதைத்த அன்று மழை பெய்தது சான்றாகாது, விதைக்காமலும் பெய்திருக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தகுதியான மேகங்களில் ஒரு பகுதியைக் குலுக்கல் முறையில் விதைக்காமல் விட வேண்டும். தாகத்தில் தவிக்கும் மக்களுக்கு அதை விளக்குவது கடினம். அதனால்தான் சாதாரண மழை ஆண்டிலேயே தொடங்கி, கிடைக்கும் கூடுதல் நீரை அணையில் சேர்க்கும் திட்டமாக இதை நடத்தச் சொல்கிறோம். கணக்குப் பார்ப்பவர் விதைக்கும் நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவராக இருக்க வேண்டும், மழைமானித் தரவு முழுவதும் பொதுவில் வெளியாக வேண்டும். இந்த இரண்டையும் டெண்டரிலேயே எழுதுங்கள்.