கடலோர மாடியில் சோலார்: ஆன்கிரிட்டா, டியூபுலரா, லித்தியமா?

கடலூர், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் சோலார் போடுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்று: கரண்ட் பில் குறைந்தால் போதுமா, புயலில் கம்பம் சாய்ந்த பிறகும் வீட்டில் விளக்கு எரிய வேண்டுமா?

பில்லுக்கு மட்டும் என்றால் மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும், பேட்டரி இல்லாத ஆன்கிரிட்தான் மலிவு. 540 வாட் பேனல் ஆறு போட்டால் 3.24 கிலோவாட், நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் வரும். பிஎம் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குப் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். ஆனால் லைனில் கரண்ட் போன நொடியே இந்த இன்வெர்ட்டர் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் மேல் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த மாதிரி நாட்களில் உச்சி வெயிலிலும் ஆன்கிரிட் பேனலால் ஒரு பல்புகூட எரியாது.

ஏற்கெனவே இருக்கும் வீட்டு இன்வெர்ட்டரும் டியூபுலர் (ஈய-அமில) பேட்டரியும் போதும் என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் (ஏஎச்) என்றால் 1.8 யூனிட். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கைக்குக் கிடைப்பது 0.9 யூனிட்; இரண்டு சாதாரண ஃபேனும் இரண்டு விளக்கும் ஐந்து மணி நேரம் ஓடும். மாடியில் உள்ள ஆன்கிரிட் பேனல் இதைச் சார்ஜ் செய்துவிடும் என்று நம்ப வேண்டாம். இரண்டு இன்வெர்ட்டரையும் இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பேனலில் மிஞ்சும் மின்சாரம் திரும்பி வந்து வீட்டு இன்வெர்ட்டரை எரித்துவிடும். தனிப் பேனலும், பேட்டரிக்குப் போகும் கரண்டை அளவோடு விடும் சார்ஜ் கன்ட்ரோலரும் வைத்தால்தான் இந்த வழி உருப்படும்.

புயல் பாதையில் உள்ள வீட்டுக்கு எங்கள் தேர்வு, லைனோடும் பேட்டரியோடும் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும்தான். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 80 சதவீதம் எடுத்தாலே 4 யூனிட். ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்குக்கு ஓர் இரவு தாங்கும், மறுநாள் வெயிலில் நிரம்பும். இவற்றுக்கு மட்டும் தனி டிபி பாக்ஸ் (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வைத்து பேக்கப் லைனில் கொடுங்கள். ஏசியும் தண்ணீர் மோட்டாரும் அதில் வரக் கூடாது. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டில் இன்வெர்ட்டர் டிரிப் ஆகும். பேட்டரிக்கு மானியம் கிடையாது. பணம் இடித்தால் ஹைபிரிட் இன்வெர்ட்டரை இப்போதும் பேட்டரியைப் பிறகும் வாங்கலாம். எந்தெந்த பேட்டரியோடு அந்த இன்வெர்ட்டர் ஒத்துப்போகும் என்ற பட்டியலை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் வெள்ளம் ஏறாத உயரத்தில், வெயில் படாத உள்சுவரில் மாட்டுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் உப்புக் காற்று முதலில் தின்பது ஸ்டாண்டையும் நட்டு போல்ட்டையும்தான். கடையில் ‘ஜிஐ’ என்று தரும் மெல்லிய குழாயில் துத்தநாகப் பூச்சு மிகக் குறைவு. துளை, வெல்டிங் எல்லாம் முடித்தபின் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த, 80 மைக்ரான் பூச்சுள்ள இரும்பைக் கேளுங்கள். மாடியில் வைத்துத் துளை போட்டால் துரு அங்கேதான் தொடங்கும். போல்ட்டு 316 ரக ஸ்டெயின்லெஸ்; 304 உப்பில் கறை பிடிக்கும். எர்த் செம்புக் கம்பியை அலுமினிய ஃபிரேமில் நேரடியாக முறுக்கினால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்து, எர்த் தொடர்பே போய்விடும். வெள்ளீயம் பூசிய லக்கும் (கம்பி நுனியில் மாட்டும் உலோக முனை) ஸ்டெயின்லெஸ் வாஷரும் இடையில் வேண்டும்.

உயரமான பந்தல் ஸ்டாண்டு பார்க்க அழகு, கீழே துணி காயப்போடலாம். ஆனால் காற்று அடியில் புகுந்து தூக்கும். கடலோரத்தில் தாழ்வான, 10 டிகிரி சாய்வே நல்லது. ஸ்டாண்டின் கால் தட்டோட்டில் நிற்கக் கூடாது, கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும்.

பேனலை நல்ல தண்ணீரால் காலையில் கழுவுங்கள். உப்புப் போர்த் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் படியும். முன்பணம் கொடுக்குமுன் பேனலுக்கு ஐஇசி 61701 உப்புப் பனிச் சோதனைச் சான்று இருக்கிறதா என்றும், கடலிலிருந்து எத்தனை மீட்டருக்குள் இருந்தால் வாரண்டி செல்லாது என்றும் எழுத்தில் வாங்குங்கள். பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி மூன்றுக்கும் அந்தத் தூரம் வேறு வேறாக இருக்கலாம்.