மலைநாட்டு ஈரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி: அயன் பூச்சுள்ள வில்லைகள்

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நான் டீமேக்கராக வேலை செய்கிறேன். கொழுந்து போதிய அளவு வாடிவிட்டதா என்பதைக் கை சொல்லிவிடும். ஆனால், உருட்டிப் பரப்பிய இலையில் செம்பு நிறம் சரியான அளவுக்கு ஏறிவிட்டதா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். அதனால் கண்டியில் சென்ற வைகாசியில் வாங்கிய மூக்குக்கண்ணாடியைப் பற்றி, ஒரு தென்மேல் பருவமழைக் காலம் முழுவதும் அதை அணிந்து பார்த்த பின்னரே எழுதுகிறேன்.

இதற்கு முந்திய சோடியை வேறொரு நகரில் வாங்கியிருந்தேன். "மல்டிகோட் போட்டது", அதாவது ஒளித் தெறிப்பைத் தடுக்கும் பல அடுக்குப் பூச்சுள்ளது, என்பதற்கு மேல் அந்தக் கடையில் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏழாவது மாதத்தில் டியூப் லைட்டின் கீழே சாய்த்துப் பிடித்தபோது, வில்லை முழுவதும் சிலந்தி வலை போன்ற நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன. சட்டத்தோடு சேரும் ஓரத்தில் பூச்சு செதில் செதிலாக உரியத் தொடங்கியிருந்தது. சுடுதண்ணீரில் கழுவியிருப்பீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் கழுவவில்லை. ஆயினும் வெடிப்புக்கு என் வேலையும் ஒரு காரணம் என்பதை இப்போது ஏற்றுக்கொள்கிறேன்: டிரையரின் வாயருகே குனிந்து தூளைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக்கு வில்லை சூடேறி விரிகிறது, அதன்மேல் பூசியிருக்கும் ஒட்சைட்டுப் படலமோ அந்த அளவுக்கு விரிவதில்லை. அதை விற்பதற்கு முன்னரே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் குறை.

கண்டிக் கடையில் வில்லைகளை அளந்த அம்மையார் என்னிடம் கேட்ட முதற்கேள்வியே அதுதான்: "சேர் என்ன வேலை செய்றீங்க? சூட்டுக்குப் பக்கத்துல நிப்பீங்களா?" அதன் பிறகு, விலைப்பட்டியலை எடுக்காமல், பூச்சுப் பூசும் ஆய்வுகூடம் அனுப்பிய தாள் ஒன்றை மேசைமீது விரித்து, எது எவ்வாறு பூசப்படுகிறது என்று கால் மணித்தியாலம் விளக்கினார். வாடிக்கையாளர் இருவர் காத்திருந்தும் அவர் அவசரப்படவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கடைக்கு மீண்டும் போவேன்.

அவர் சொன்னதை, நான் ஏற்கெனவே படித்திருந்ததோடு சேர்த்து இங்கே தருகிறேன். என் வில்லையின் முறிவுச் சுட்டி, அதாவது அது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் எண், 1.6. பூச்சு இல்லாவிட்டால் இத்தகைய வில்லையின் ஒவ்வொரு முகத்திலும் ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட ஒளி தெறித்துவிடும். இரு முகங்களிலும் சேர்த்து ஏறத்தாழப் பத்து சதவீதம் வீணாகும். ஒளியின் அலைநீளத்தில் காற்பங்கு அளவுக்குத் தடித்த படலம் ஒன்றைப் பூசி அந்தத் தெறிப்பை அழிக்கும் முறையை, செர்மனியின் செய்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் சிமக்குலா 1935 இல் உருவாக்கினார். இன்று சிலிக்கன் ஈரொட்சைட்டும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் போன்ற பொருள்களை மாறி மாறி அடுக்குகிறார்கள். அடுக்குகள் அனைத்தின் தடிப்பும் சேர்ந்து சில நூறு நனோமீற்றர்தான்.

கண்ணாடி வில்லையாக இருந்தால் அதை 300 பாகை செல்சியசு வரை சூடாக்கிப் பூசலாம், படலம் இறுகிவிடும். பிளாஸ்டிக்கு அந்தச் சூட்டைத் தாங்காது. குளிர்ந்த வில்லைமேல், வெற்றிடத்தில் ஆவியாகி வந்து படியும் மூலக்கூறுகள் வந்து விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்வதால், இடையிடையே இடைவெளி விட்டு நிற்கும் நுண்தூண்களாகப் படலம் வளர்கிறது. தேயிலைத் தூளைப் பொதியில் கொட்டியவுடன் அது எவ்வளவு உப்பி நிற்கும் என்பது எங்களுக்குத் தெரியும். குலுக்கிய பிறகுதான் இறுகி அமரும். அந்தக் குலுக்கலைச் செய்வதுதான் பிளாஸ்மா அயன் மூலம் என்ற கருவி. அதற்குள் ஆகன் வாயு இலத்திரன்களால் தாக்கப்பட்டு, மின்னேற்றம் பெற்ற அணுக்களாக, அதாவது அயன்களாகிறது. ஏறத்தாழ நூறு இலத்திரன்வோல்ற்றுச் (அணுவளவில் சக்தியை அளக்கும் அலகு) சக்தியோடு அவை வெளியேறி, வளர்ந்துகொண்டிருக்கும் படலத்தை இடைவிடாது தட்டி அணுக்களை நெருக்குகின்றன. ஆவியாகி வரும் மூலக்கூறுக்கு ஓர் இலத்திரன்வோல்ற்றின் சிறு பின்னம் அளவு சக்திதான் உண்டு என்பதை நினைத்தால், இந்தத் தட்டலின் வலிமை புரியும். இக்கருவிகளின் வம்சம் விண்வெளியோடு தொடர்புடையது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி: நாசாவின் ஹரல்ட் கோஃப்மன் வடிவமைத்த அயன் உந்துபொறி, 1964 யூலையில் சேர்ட்-1 என்ற கலத்தில் அரை மணித்தியாலம் இயங்கிக் காட்டியது.

எங்கள் பகுதிக்கு இது ஏன் முக்கியம்? நுண்தூண்களின் இடைவெளிகளில் ஈரம் புகுகிறது. காற்று இருந்த இடத்தில் நீர் நிறைந்ததும் படலத்தின் முறிவுச் சுட்டி கூடி, மேற்பரப்பில் தெரியும் மினுக்கத்தின் நிறமே மாறக்கூடும். காலப்போக்கில் பிடிமானமும் தளர்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் துவைத்த சாரம் மூன்று நாளாகியும் காயாத ஊரில், பூச்சு எவ்வளவு இறுக்கமானது என்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

இவ்வாறு அயன்களால் இறுக்கிப் பூசப்பட்ட புதிய சோடி அந்தச் சோதனையில் தேறிவிட்டது. இதே டியூப் லைட்டின் கீழே எத்தனை கோணத்தில் சாய்த்தாலும் மெல்லிய பச்சை மினுக்கம் ஒன்றுதான் தெரிகிறது. வெடிப்பு இல்லை, ஓரம் உரியவில்லை. டிரையரின் அருகே போகும்போது அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைக்கப் பழகிக்கொண்டேன் என்பதையும் சொல்லவேண்டும். பெரிய வேறுபாட்டை இரவில் கொட்டகலை வளைவுகளில் உணர்ந்தேன்: எதிரே வரும் பேருந்தின் விளக்கு முன்பு இரண்டாகவும் மூன்றாகவும் தெரியும்; இப்போது ஒரே விளக்காகத் தெரிவதால், மழைத்தூறலில் வீதியோரம் நடந்துவரும் ஆட்களை முன்கூட்டியே பிரித்தறிய முடிகிறது.

குறைகளும் உண்டு. குளிரிலிருந்து உருட்டும் அறைக்குள் நுழைந்தவுடன் வில்லை முழுவதும் பனிமூட்டமாகிவிடுகிறது. தெறிப்பைத் தடுக்கும் பூச்சு இதைத் தடுக்காது, தடுக்கும் என்று சொல்லி விற்பவரை நம்பவேண்டாம். விரல் ரேகை பளிச்சென்று தெரிகிறது. நீரை உருட்டிவிடும் மேற்பூச்சு, நான் அடிக்கடி துடைக்கும் மூக்கோரத்தில் இப்போதே தேய்ந்து, அங்கே மழைத்துளி முத்தாக நிற்காமல் பரவுகிறது. பூச்சில்லாத சோடியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விலை. எட்டு நாள் காத்திருக்கவும் வேண்டியிருந்தது.

சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகளுக்கும் அதே கடையில் அதே பூச்சுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆய்வுகூடத் தாளின் பிரதி ஒன்றைப் பற்றுச்சீட்டோடு சேர்த்துத் தரும்படி கேட்டேன். அம்மையார் மறுப்பின்றி இணங்கினார்.