மிதக்கும் மேசை: நாள்பட்ட புழக்கத்தில் எப்படி?

மிதக்கும் மேசையைப் பார்த்தால், சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிகள்தான் மேல்பலகையைத் தூக்கிப் பிடிப்பதாகத் தோன்றும். இல்லை. எடையைச் சுமப்பது நடுவில் இருக்கும் ஒற்றைக் கம்பி. அடிச்சட்டத்திலிருந்து எழும் கையின் நுனியில், மேல்பலகையிலிருந்து இறங்கும் கை அந்தக் கம்பியில் ஊஞ்சல்போலத் தொங்குகிறது. சுற்றுக் கம்பிகள் பலகை கவிழாதபடி கீழே இழுத்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவே. அமெரிக்கச் சிற்பி கென்னத் ஸ்னெல்சன் 1948-இல் செய்த சிற்பங்களில் தொடங்கிய உத்தி இது. டென்செக்ரிட்டி (இழுவிசையால் நிலைத்து நிற்பது) என்று பெயர் வைத்தவர் வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர்.

நைலான் கயிறு கட்டிய மேசை முதல் நாள் விறைப்பாகத்தான் நிற்கும். ஆனால் நைலான் விடாத சுமையில் மெல்ல நீளும், ஈரக்காற்றில் இன்னும் தொய்யும். நடுக்கயிறு 3 மி.மீ. நீண்டால் பலகையும் 3 மி.மீ. இறங்கும்; சுற்றுக் கயிறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தளரும். தளர்ந்தது கண்ணுக்குத் தெரிவதால் பலர் சுற்றுக் கயிறுகளையே இழுத்துக் கட்டுகிறார்கள். அது நடுக்கயிற்றின் சுமையைக் கூட்டி மறுபடி நீளவைக்கும். சுருக்க வேண்டியது நடுவில் இருப்பதை.

நடுவுக்கு 2 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு வயர் நல்லது. அறுபடும் சுமை 200 கிலோவுக்கு மேல். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 40 கிலோவரை ஏற்றலாம். சங்கிலியும் சரிதான், பார்வைக்குத்தான் கொஞ்சம் முரடு. வயரில் முடிச்சு போடக்கூடாது, நழுவும். நுனியை வளையமாக மடித்து, ஒவ்வொரு முனையிலும் இரண்டு ஃபெரூல் (சிறு உலோகக் குழல்) வைத்து நசுக்க வேண்டும்.

பலகை 6 கிலோ, மூன்று சுற்றுக் கம்பிகளில் தலா 5 கிலோ இழுப்பு என்றால், எதுவும் வைக்காதபோதே நடுக்கம்பியில் 21 கிலோ. ஓரத்தில் ஒருவர் கையை ஊன்றினால் எதிர்ப்பக்கக் கம்பியும் சேர்ந்து இழுக்கும். ஊன்றிய பக்கத்துக் கம்பி தளர்ந்துபோன பின், ஊன்றிய இடத்தைப் பொறுத்து, அந்த எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்குவரை நடுவில் விழும். இத்தனைக்கும் முதலில் போவது கம்பி அல்ல, கை அடிச்சட்டத்தோடு சேரும் மூட்டு. வெறும் பசையில் ஒட்டிய மரக்கை அங்கேதான் விரியும். துளையும் நாக்குமாகப் பொருத்தி போல்ட் போட்ட மூட்டோ, வெல்டிங் செய்த இரும்போ தாங்கும்.

விறைப்பு வைக்க: முதலில் நடுக்கம்பியில் உயரத்தைச் சரிசெய்து, பிறகு சுற்றுக் கம்பிகளின் டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கும் திருகு) மாறிமாறி அரைச் சுற்றாக முறுக்கி, பலகைமேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் முழுதாக முறுக்கினால் பலகை சாய்ந்துவிடும். நான்கைவிட மூன்று கம்பி நல்லது. முக்காலிபோல எல்லாம் இறுக்கமாக நிற்கும். நான்கில் ஒன்று பெரும்பாலும் சோம்பும்.

எவ்வளவு முறுக்கினாலும் பலகையைத் திருகினால் கொஞ்சம் அசையும். விளக்கு, பூச்செடி, நாலைந்து புத்தகங்களுக்குப் போதும். லேப்டாப்பில் தட்டச்சு செய்ய இது மேசையே அல்ல. குழந்தைகள் தொங்கும் வீட்டுக்கும் ஆகாது.

இடம் மாற்றும்போது அடிச்சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள். மேல்பலகையைத் தூக்கினால் நடுக்கம்பி தொய்ந்து, திறந்த கொக்கியானால் கழன்றுவிடும். வயரில் ஓர் இழை பிரிந்து விரலைக் குத்தினாலும் அந்த வயரை முழுதாக மாற்ற வேண்டும். கழற்றுமுன் பலகைக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிடுங்கள்.