மக்கிய கோழி எரு என்று சொல்லி இறக்குவார்கள், வெள்ளரிக் குழியில் அப்படியே போட்டுவிடாதீர்கள்

"நல்லா மக்குனதுங்கண்ணா, நேரா குழியில போட்டுடலாம்." இப்படிச் சொல்லித்தான் காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் மாசிப் பட்டத்து வெள்ளரிக்கு மூன்று டிரெய்லர் கோழி எரு இறங்கியது. மேலே ஒரு சாண் காய்ந்த தூள். அதற்குக் கீழே கொட்டகையில் வாரிய பச்சை எரு. பாதிக் குழிகளில் விதை முளைக்கவே இல்லை. முளைத்ததில் விதையிலை ஓரம் கருகியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனி பழுப்பு. "விதை சரியில்ல" என்றார் வியாபாரி. எரு போடாத வரப்போரக் குழிகளில் அதே விதை தளதளவென்று நிற்கிறது.

கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை, எல்லாம் எச்சத்தோடேயே வருகிறது. ஈரம் பட்டதும் அது அமோனியாவாக மாறி இளவேரைச் சுடும். உப்பும் அதிகம், வெள்ளரி உப்பு தாங்காத பயிர். அளவிலும் ஏமாறுகிறோம். குழிக்கு 10 கிலோ என்பது மாட்டு எருவுக்கான கணக்கு. மாட்டு எருவில் தழைச்சத்து ஏறக்குறைய 0.5 சதம், கோழி எருவில் 3 சதம். அதே 10 கிலோ கோழி எருவில் 300 கிராம் தழைச்சத்து போய்விடும், வேண்டியதைப் போல ஆறு மடங்கு. செடி பிழைத்தாலும் கொடி ஓடும், ஆண் பூவாகப் பூக்கும், பிஞ்சு இருக்காது. நன்றாக மக்கியதே ஆனாலும் குழிக்கு ஒன்றரை, இரண்டு கிலோ போதும்.

கடப்பாரையை இரண்டடி செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் இன்னும் வேகிறது. ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் காயவைத்த பச்சை எரு சுடாது, நாறவும் நாறாது. காய்ந்தது வேறு, மக்கியது வேறு. குவியலின் நடுவிலிருந்து இரண்டு கை அள்ளி, பிழிந்தால் சொட்டாத அளவுக்கு நனைத்து, பாலிதீன் கவரில் காற்றில்லாமல் கட்டி மூன்று நாள் வையுங்கள். அவிழ்க்கும்போது மூக்கைத் துளைத்தால் பச்சை; மண்வாசம் வந்தால் சரி. இன்னும் சந்தேகமென்றால் ஒரு பங்கு எரு, மூன்று பங்கு மண் கலந்து பத்து வெள்ளரி விதை, வெறும் மண்ணில் பத்து விதை ஊன்றி, ஒரு வாரம் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

எடைக்கு வாங்கினால் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறீர்கள். 60 சதம் ஈரமுள்ள ஒரு டன்னில் சரக்கு 400 கிலோதான். 30 சதமென்றால் 700. யூனிட் (நூறு கன அடி) கணக்கென்றால் டிரெய்லரின் உள் நீளம், அகலம், எருவின் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுங்கள். 10க்கு 6க்கு 2 அடி என்றால் 1.2 யூனிட், அதை இரண்டு என்று பில் போடுகிறார்கள். மணல் கலப்படம் தெரிய, ஒரு பிடியைக் கண்ணாடி பாட்டில் தண்ணீரில் குலுக்கி வைத்தால் அடியில் தங்கிவிடும்.

ஏற்கெனவே பச்சை எருவை வாங்கி மாட்டியவர்கள் அதை நிழலில் நாலடி உயரத்துக்குக் குவியுங்கள். கரும்புச் சோகையோ காய்ந்த இலையோ அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் பார்த்து, 15 நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். புரட்டியும் சூடேறாத நிலை வர 45 முதல் 60 நாள் பிடிக்கும். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலப்பதானால் சூடு தணிந்த பிறகுதான்; முன்னால் கலந்தால் வெந்து வீண். குழியில் போட்டாயிற்று என்றால் மண்ணோடு நன்றாகக் கிளறி, இரண்டு மூன்று முறை நிறையத் தண்ணீர் விட்டு, மூன்று வாரம் கழித்து மறு விதைப்பு செய்யலாம். ஆனால் காய் பச்சையாகச் சாப்பிடுவது என்பதை மறக்க வேண்டாம். காய் மண்ணைத் தொடும் பயிருக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. வெள்ளரியோ விதைத்த 45 நாளில் பறிப்புக்கு வந்துவிடும், அந்த மூன்று வாரத்தைச் சேர்த்தாலும் 120 நாள் ஆகாது.

அடுத்த லோடுக்குப் பாதிப் பணம், கவர் அவிழ்த்த பிறகு மீதி என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.