ஊட்டி விறகு டிப்போ: 3.5 ஸ்டார், என்ன மரம்னு கேட்டு வாங்குங்க

எங்க ஏரியா விறகு டிப்போவுக்கு யாரும் ரிவ்யூ போட்டதில்ல, நானே போடுறேன். ரெண்டு வருஷமா கணப்புக்கு இங்கதான் வாங்குறேன். மூட்டைக் கணக்குதான், எடை போட மாட்டாங்க. சும்மா "ஒரு மூட்டை குடுங்கண்ணே"ன்னா கலவையா கட்டி விட்டுருவாங்க, அதான் இவ்ளோ எழுதுறேன்.

சீகைன்னா யோசிக்காம வாங்கலாம் (இங்க சீகைன்னா வாட்டில் மரம், தலைக்குத் தேய்க்கிறது இல்ல). பத்திக்க லேட்டாகும், பத்துச்சுன்னா நின்னு எரியும், தணல் ராத்திரி வரைக்கும் கெடக்கும். கற்பூர மரத்துல (யூகலிப்டஸ்தான்) கட்டையவிட பட்டையும் சருகும்தான் விஷயம், இலையில எண்ணெய் இருக்குறதால அரைகுறையா காஞ்சதுகூட குப்புனு பிடிக்கும், ஒரு கை பட்டை இருந்தா மண்ணெண்ணெயே வேணாம். பைன் வேணவே வேணாம், பிசின் பட்டு பட்டுனு வெடிச்சு எங்க வீட்டு கார்பெட்ல மூணு ஓட்டை, புகைபோக்கி பூரா கரி.

ஒன்றரை ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, போன ஜூலைல மழையில நனைஞ்ச சைப்ரஸ அனுப்பிட்டாங்க. அடுப்புல வச்சா கட்டை முனையில நுரை தள்ளுது, வீடே புகை, அம்மாவுக்கு ஒரே இருமல். சண்டை போட்டதுக்கு பாதி மூட்டைதான் மாத்திக் குடுத்தாங்க.

ஆனா ஓனர் அண்ணனுக்கு மரம் தெரியும். ஒரு தடவை சோலை மரம் (மலை மடிப்புல இருக்குற ஈரமான இயற்கைக் காட்டு மரம்) கெடைக்குமான்னு விளையாட்டா கேட்டேன், "அத தொட்டா கேஸு தம்பி, அதுவுமில்லாம தீயே உள்ள போக யோசிக்கிற எடம் அது"ன்னாரு. நான் நம்பல. அப்புறம் மார்ச்ல எதிர் மலையில தீ பிடிச்சப்ப மொட்டை மாடியில நின்னு பாத்தேன், உறைபனியில கருகிக் கெடந்த புல்லு காகிதம் மாதிரி ஓடுது, கற்பூரத் தோப்புல தொங்குற பட்டையெல்லாம் எரிஞ்சுக்கிட்டே பறந்து அந்தப் பக்கம் விழுது, சோலை ஓரத்துக்கு வந்ததும் அப்படியே அடங்கிருச்சு. உள்ள பாசியும் ஈரச் சருகும்தானே. புல்லு நடுவுல நின்ன காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான் மரம்) மட்டும் அடிமரம் கருத்துப்போய் நின்னுச்சு, பட்டை தடிமன்ல தப்பிச்சிருக்கு, கொஞ்ச நாள்ல துளிர் விட்டுருச்சு.

ஜிபே உண்டு, ஞாயிறு லீவு. சீகை வேணும்னா நவம்பர்லயே சொல்லி வைங்க, பனி எறங்கிட்டா எல்லாரும் அதத்தான் கேப்பாங்க.